சைக்கிள் பம்பால் மூச்சு விட்ட எஞ்சின்

அத்தான் என் தலையில் மிளகாய் அரைத்ததை எழுதுவதென்றால் எஞ்சினில் இருந்துதான் தொடங்க வேண்டும். அவரில் இருந்து தொடங்கினால் எனக்குத் திட்டத்தான் வரும், எழுத்து ஓடாது.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். முள்ளியவளையில் வயலும் வளவுமாக இருக்கிறவர். நாங்கள் துணுக்காய்ப் பக்கம். நாங்கள் என்பது நானும் இவரும். கல்யாணம் முடித்த நாளில் இருந்து என் கணவரை இவர் என்றுதான் சொல்லி வருகிறேன், இங்கேயும் அப்படியே வரும். எங்களிடம் ஒரு பழைய பிக்கப் இருந்தது. மிளகாய், கத்தரி, கச்சான் எல்லாம் அதில்தான் சந்தைக்குப் போகும். சில நாள் நானே ஓட்டிக்கொண்டு போவேன். ஒரு பொம்பிளை பிக்கப் ஓட்டுகிறாள் என்று பார்ப்பவர்களுக்கு நான் ஹோர்ன் அடித்துக் காட்டுவேன்.

பெயருக்குத்தான் அது பிக்கப். உடம்பு ஒரு கம்பனி, எஞ்சின் வேறொரு கம்பனியின் வான் வண்டியில் இருந்து கழற்றியது, கியர்ப்பெட்டி எங்கே இருந்து வந்தது என்று இவருக்கே தெரியாது. யுத்தத்தால் சாமான் வராத காலத்தில் வன்னியில் ஓடிய வாகனங்கள் எல்லாம் அப்படித்தான். வெளியே எழுதியிருக்கும் பெயரை நம்ப முடியாது. போனற்றைத் திறந்து, எஞ்சினின் இரும்பில் வெட்டியிருக்கும் நம்பரைப் பார்த்தால்தான் அது என்ன எஞ்சின், எந்த வாகனத்துடையது என்று தெரியும். பழைய வாகனம் எதைக் கண்டாலும் இவர் குனிந்து முதலில் அந்த நம்பரைத்தான் தேடுவார். என்னைப் பெண் பார்க்க வந்தபோதுகூட இவ்வளவு கவனமாகப் பார்க்கவில்லை.

எஞ்சினுக்கு ஒரு மூச்சுக்குழாய் உண்டு. கராச்சில் பிறீதர் என்பார்கள். பிஸ்ரனின் இடுக்கால் கசிகிற புகை எஞ்சினின் வயிற்றுக்குள் சேரும். அது வெளியே போக வழி வேண்டும். போகாவிட்டால் உள்ளே அமுக்கம் ஏறி, மெல்லிய இடம் எங்கே இருக்கிறதோ அங்கே ஓயிலைப் பிதுக்கித் தள்ளிவிடும். எஞ்சின் தேயத் தேயப் புகையும் கூடும். எங்களுடைய எஞ்சின் நன்றாகவே தேய்ந்தது. அதன் மேல்மூடியில் இருந்த ரப்பர்க் குழாய் உக்கி விழுந்தபோது, மாற்றிப் போட ஒரு துண்டுக் குழாய் எங்கும் கிடைக்கவில்லை. இவர் ஒரு வார்த்தை கேட்காமல் என் சைக்கிள் பம்பை எடுத்து, இரண்டு பக்கமும் வெட்டி, மேல்மூடியில் வைத்து வெல்டிங் பிடித்து எடுத்துக்கொண்டு வந்து விட்டார்.

நான் ஆடிய ஆட்டத்தை அந்த ஒழுங்கையில் இருந்தவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள். அது சும்மா பம்பு இல்லை. பச்சை நிறம், நல்ல கனம். எங்கள் மிளகாய்க் கன்றுகளுக்குள் இறங்கிய ஒரு நாம்பன் மாட்டுக்கு நான் அதால் போட்ட போட்டில் நடுவில் ஒரு நெளிவு விழுந்திருந்தது. அதற்குப் பிறகு காற்றுப் போன ரயரோடு வீடு வீடாகப் பம்பு இரவல் கேட்டுத் திரிந்தவள் நான். பிக்கப் நின்று உறுமும்போது அந்தப் பச்சைக் குழாயால் புகை புசுபுசு என்று வரும். அதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் இவரைக் கரித்துக் கொட்டுவேன். ஆகவே அந்தப் பம்பை எனக்கு எந்த இருட்டிலும் தெரியும்.

யுத்தம் எங்கள் பக்கம் வந்தபோது, அந்தப் பிக்கப்பில் சாமானை ஏற்றிக்கொண்டு முள்ளியவளைக்கு, அக்கா வீட்டுக்குத்தான் போனோம். பிறகு அங்கே இருந்தும் எழும்ப வேண்டி வந்தது. டீசல் இல்லை. அத்தான் சொன்னார், "நீங்கள் எல்லாரும் முதல் வெளிக்கிடுங்கோ. நான் டீசல் எப்பிடியும் எடுத்து, பிக்கப்பைக் கொண்டு பின்னால வாறன்." நாங்கள் அக்காவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஒரு ரக்ரர் பெட்டியில் தொற்றிக் கடற்கரைப் பக்கம் போனோம். சில நாள் கழித்து அத்தான் சைக்கிளில் வந்தார். வரும் வழியில் செல் குண்டு விழுந்து பிக்கப் எரிந்துவிட்டது, தான் தப்பியதே கடவுள் புண்ணியம் என்றார். நான் அவருக்குத் தண்ணீர் கொடுத்து, தலையைத் துடைத்துவிட்டேன். கொடுத்த தண்ணீரை இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

யுத்தம் முடிந்து முகாமால் திரும்பி வந்த பிறகு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கையில் ஒன்றுமில்லை. இவர் காய்கறிச் சாக்கைச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு போவார், ஒரு பக்கக் காது வேறு செல் சத்தத்தில் போய்விட்டது. எரிந்த வாகனமாக இருந்தாலும் ஒரு ரயரோ ஒரு அச்சோ மிஞ்சியிருக்கும், விற்கலாம் என்று நான் கேட்காத ஆள் இல்லை. கடைசியில் அத்தானே எங்களைக் கூட்டிப்போனார். முள்ளிவாய்க்கால் பக்கம் வீதியோரம் எரிந்த வாகனங்கள் ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. அதில் கவிழ்ந்து கிடந்த ஒரு சட்டத்தைக் காட்டி, "இதுதான்" என்றார். இவர் வழக்கம்போல நம்பரைத் தேடிக் குனிந்தார். எஞ்சின் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை, யாரோ கழற்றிப் போயிருப்பார்கள் என்றார் அத்தான்.

நான் அந்தத் துருவைத் தடவித் தடவி அழுதேன். செத்த வீட்டில் அழுகிற மாதிரி வாய்விட்டு அழுதேன். அக்கா என் தோளில் கையை வைத்துக்கொண்டு தானும் அழுதார். திரும்பி வரும்போது பஸ்சில் என் உள்ளங்கை முழுக்கத் துரு. அதைக் கழுவ மனம் வராமல் அப்படியே வீட்டுக்குக் கொண்டு வந்தேன்.

அதற்குப் பிறகு வருசங்கள் ஓடின. நாங்கள் மெல்ல மெல்லத் தோட்டத்தை நிமிர்த்தி ஒரு மோட்டார் சைக்கிள் எடுத்தோம். அத்தான் வவுனியாவில் யாரிடமோ வாங்கினதாகச் சொல்லி ஒரு வெள்ளைப் பிக்கப் கொண்டு வந்தார். பழையதுதான், ஆனால் புதுப் பெயின்ற். வாகனத்துக்கு என்ன வருத்தம் வந்தாலும் இவரைக் கூப்பிடமாட்டார். தூரத்துக் கராச்சுக்குக் கொண்டு போவார். "உன்ர தங்கச்சியின்ர மனுசனைக் கரைச்சல் படுத்தக் கூடாது" என்று அக்காவிடம் சொல்லுவாராம். எவ்வளவு நல்ல மனம் என்று நானும் நினைத்தேன்.

அக்காவின் பேரப்பிள்ளைக்கு முப்பத்தொண்டு. பிள்ளை பிறந்து முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிக்கிற நாள். அத்தான் வாடகைக் கதிரைகளை ஏற்றிக்கொண்டு வந்து வளவுக்குள் நிற்பாட்ட, பிக்கப் கொதித்துப்போய் ஆவி விட்டது. எஞ்சினை நிற்பாட்டாமல் போனற்றைத் திறந்து, "ஆராவது தண்ணி கொண்டாங்கோ" என்று கத்தினார். குசினிக்குள் நின்ற நான் வாளியோடு ஓடினேன்.

அங்கே என் பம்பு நின்றது.

கறுப்புப் பெயின்ற் அடித்திருந்தார். பெயின்ற் உரிந்த இடத்தால் பச்சை தெரிந்தது. நடுவில் நாம்பன் மாட்டின் நெளிவு. அதற்குள்ளால் புகை புசுபுசு என்று வந்துகொண்டிருந்தது. நான் வாளியோடு அப்படியே நின்றேன். எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, வெட்கம். யாருடைய இரும்பையோ தடவி, யாரோ ஒருவருடைய நட்டத்துக்கு, ஒரு ஊர் பார்க்க ஒப்பாரி வைத்திருக்கிறேன். இந்த மனுசர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கோபம் அதற்குப் பிறகு வந்தது, வந்தது இன்னும் போகவில்லை.

அன்றைக்கே குடுமியைப் பிடித்திருப்பேன். பிள்ளையின் காரியம் என்று பல்லைக் கடித்தேன். ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? தண்ணீரை நீட்டிக்கொண்டு, "அத்தான், உங்கட எஞ்சின் வடிவா மூச்சு விடுது. அந்தக் குழாயை எங்கயோ கண்ட மாதிரி இருக்கு" என்றேன். அவர் பேயறைந்த மாதிரி என்னைப் பார்த்தார். பிறகு போனற்றைப் படார் என்று மூடினார். தண்ணீர் ஊற்றவேயில்லை.

வீட்டுக்கு வந்து இவரிடம் கொட்டினேன். இவர் ஆறுதலாகக் கேட்டுவிட்டு, "மேல்மூடி கழற்றிப் போடுற சாமான். பழைய இரும்புக் கடையில மூடியை மட்டும் வாங்கியிருந்தால்? மூடியை வச்சு எஞ்சினைச் சொல்லேலாது. நம்பரைப் பார்க்க வேணும்" என்றார். நீதவான் தோற்றுப்போவார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று சோற்றுக்கு உப்புப் போடவில்லை. இவர் அதையும் வழித்துச் சாப்பிட்டார்.

தைப்பொங்கலுக்கு முள்ளியவளைக்குப் போனோம். அத்தானும் அக்காவும் கோயிலுக்குப் போன நேரம் பார்த்து நான் போனற்றைத் தூக்கினேன், இவர் வேண்டாவெறுப்பாகக் குனிந்தார். மேல்மூடியில் என் பம்பைக் காணவில்லை. அடியோடு வெட்டி, மிஞ்சின ஓட்டைக்குள் ஒரு மரக்கட்டை இறுக்கி அடித்திருந்தது. நம்பர் இருக்க வேண்டிய இடத்தை இவர் துணியால் துடைத்தார். அரத்தால் ராவி, மொழுமொழு என்று இருந்தது.

"காசு குடுத்து வாங்கின எஞ்சினுக்கு ஆர் நம்பரை ராவுவினம்?" என்று கேட்டேன்.

இவர் அந்தக் கட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பூவரசங் கட்டை, ஒரு பக்கம் கூராகச் சீவி, மெழுகு பூசினது. இவரின் முகம் மாறியது.

"இது மண்ணுக்கை தாழ்க்கிறதுக்கு அடிக்கிற கட்டை" என்றார்.

எங்கள் பக்கத்தில் இதை விளக்கத் தேவையில்லை. ஊரை விட்டு எழும்பும்போது கொண்டுபோக முடியாததை எல்லாம் வளவுக்குள் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டுத்தான் போனோம். தையல் மெசின், தண்ணீர் பம்பு, மோட்டார் சைக்கிள் எல்லாம் மண்ணுக்குள் போனவை. எஞ்சினைத் தாழ்ப்பதென்றால் கிறீஸ் பூசி, பொலித்தீனால் சுற்றி, அதற்கு முதல் இருக்கிற ஒவ்வொரு ஓட்டைக்கும் மரக்கட்டை சீவி மெழுகில் தோய்த்து அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மண்ணும் தண்ணீரும் இறங்கிவிடும். அத்தான் அன்றைக்கு டீசல் தேடப் போகவில்லை. நாங்கள் கண் மறைந்ததும் எஞ்சினைக் கழற்றி வளவுக்குள் தாட்டுவிட்டு, எரிந்துவிட்டது என்று சைக்கிளில் வந்திருக்கிறார். வருசங்கள் கழித்து அதைக் கிண்டி எடுத்து, இந்த வெள்ளைப் பிக்கப்புக்குள் பூட்டியிருக்கிறார். இப்போது நான் குழாயை அடையாளம் கண்டதும் பயந்து அதை வெட்டி, கைப்பழக்கத்தில் அதே மாதிரி ஒரு கட்டையைச் சீவி அடித்திருக்கிறார். மண்ணுக்குள் கிடக்கிற எஞ்சினுக்கு அடைப்பு வேண்டும். ஓடுகிற எஞ்சினுக்கு அடைத்தால் என்ன நடக்கும் என்று அந்த மனுசருக்குத் தெரியவில்லை.

இவருக்குத் தெரியும். "ஐயோ, மூச்சை அடைச்சுப்போட்டார். பாரம் ஏத்தி இழுத்தால் ஓயிலை மறிக்கிற ரப்பர் சீலைத் தள்ளிப்போட்டு ஓயில் முழுக்கப் போகும். வந்தோடன சொல்ல வேணும்" என்றார்.

"சொன்னியளெண்டால் நான் இந்தப் பக்கத்து பஸ்சில ஏறி அம்மா வீட்டை போறன்" என்றேன். அம்மா செத்துப் பல வருசம். ஆனாலும் இவருக்கு விளங்கியது.

அன்று அத்தான் எங்களுக்குப் பொங்கலும் வடையும் அள்ளி அள்ளி வைத்தார். இவர் வாயைத் திறக்கப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நான் மேசைக்குக் கீழே காலை மிதித்தேன். எஞ்சினின் வாயை அத்தான் அடைத்தார், இவரின் வாயை நான் அடைத்தேன். எனக்கு அந்த எஞ்சின் திரும்பத் தேவையில்லை. எனக்கு வேண்டியது ஒரு வசனம். நீ அழுதது உன்னுடைய இரும்புக்கு இல்லை என்று, அக்காவுக்கு முன்னால், அத்தான் தன் வாயால் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு எஞ்சினை அவர் கோயிலில் வைத்துக் கும்பிட்டாலும் எனக்குப் பரவாயில்லை.

மாசியில் அறுவடை. மெசின் வெட்டின நெல் மூட்டை மூட்டையாக அத்தானின் வயல் கரையில் கிடக்க, காலம் தப்பின மழை இருட்டிக்கொண்டு வந்தது. ஊரில் எல்லா ரக்ரருக்கும் அதே அவசரம். முதல் ஏற்றத்திலேயே பிக்கப் வயல் வாசலில் ஓயிலைக் கக்கிவிட்டு நின்றுவிட்டது. தூரத்துக் கராச்சுக்காரன் வரமாட்டேன் என்றானாம். அப்போதுதான் அத்தானுக்கு இவருடைய போன் நம்பர் ஞாபகம் வந்தது.

இவர் சாவி, குறடு என்று தன் ஆயுதங்களையும் ஒரு கான் ஓயிலையும் எடுத்தார். நானும் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறினேன். கானை நான்தான் மடியில் வைத்திருந்தேன். 

வயல் வாசலில் கறுப்புக் குளம் ஒன்று கிடந்தது. இவர் போனற்றைத் திறந்து அந்தக் கட்டையைக் குறட்டால் பிடித்து இழுத்தார். சோடாப் போத்தல் உடைத்த மாதிரி டப் என்று சத்தம் வந்தது. கீழே படுத்துப் பார்த்துவிட்டு, "பின்பக்க ஓயில் சீல் பிதுங்கிப் போட்டுது. ஓயிலை விட்டு, மூச்சைத் திறந்து வச்சு மெல்ல ஓடினால் இண்டைக்கு நெல்லை ஏத்தி முடிக்கலாம். ஓயிலைத் தாங்கோ" என்றார்.

நான் கானை வரம்பில் வைத்து அதன் மேல் குந்தினேன்.

அத்தான், அக்கா, இவர், மூட்டை தூக்க வந்தவர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மேற்கால் இடி இடித்தது. நான் கையை நீட்டி இவரிடம் அந்தப் பூவரசங் கட்டையை வாங்கினேன்.

"அத்தான், இது என்ன கட்டை?"

"அது... ஓட்டையொண்டு இருந்தது, அடைச்சனான்."

"ஓட்டையில நிண்ட குழாய் எங்கை?"

"பழைய மூடி. இரும்புக் கடையில வாங்கினது. அதில ஏதோ குழாய் இருந்தது, வெட்டி எறிஞ்சிட்டன்."

"நம்பரையும் இரும்புக் கடைக்காரனோ ராவினவன்?"

 நான் சொன்னேன், "எனக்கு எஞ்சின் வேண்டாம். முள்ளிவாய்க்காலில நீங்கள் காட்டின இரும்பு என்ர இல்லையெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. சொன்னால் ஓயில் தாறன்."

முதல் துளிகள் விழுந்தன. மூட்டை தூக்க வந்தவர்கள் படங்குச் சீலையை இழுத்தார்கள், அது பாதி மூட்டைக்குக்கூடக் காணாது. அத்தான் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாய் திறக்கவில்லை. அப்படி ஒரு பிடிவாதம். அந்த நெல் அவருடைய ஒரு போகத்து உழைப்பு. எனக்கு அது தெரியும், தெரிந்துகொண்டுதான் இருந்தேன். உள்ளுக்குள் இனித்தது என்று சொன்னால் பொய் இல்லை.

அப்போது அக்கா சொன்னார்.

"அவரைக் கேக்காதை. நான்தான் காட்டச் சொன்னனான்."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"நீ ஒவ்வொரு நாளும் தேடித் திரிஞ்சாய். ஊரெல்லாம் விசாரிச்சாய். எங்களுக்கும் ஒண்டுமில்லை, நாலு பிள்ளையள், அந்த எஞ்சின் மட்டும்தான் மண்ணுக்கை இருந்தது. ஏதாவது ஒண்டைக் காட்டினால் அழுதிட்டு விட்டிடுவாய் எண்டு நினைச்சன். அந்த இரும்பைப் பார்த்து வச்சதும் நான்தான்."

நான் கேட்ட வசனம் அதுதான். ஆனால் வேறு வாயால் வந்தது. அந்த வாயால் அது வரும் என்று நான் ஒரு நாளும் நினைத்திருக்கவில்லை. என் தோளில் அன்றைக்கு இருந்த கை திரும்பவும் வந்து இருந்த மாதிரி இருந்தது. எழும்பினேன். சொன்ன சொல்லுக்கு ஓயிலைக் கொடுத்திருக்க வேண்டும். இவர் கூடக் கையை நீட்டிக்கொண்டு வந்தார். நான் மூடியைத் திருகி, கானை வரம்பில் கவிழ்த்தேன். ஓயில் கிளக் கிளக் என்று மண்ணுக்குள் இறங்கி முடியும் வரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மழை கொட்டியது.

நெல் நனைந்து முளை கட்டியது. இவர் ஒரு கிழமையாக என்னோடு பேசவில்லை. பிறகு எனக்குச் சொல்லாமல் போய் அந்தப் பிக்கப்புக்குப் புதுச் சீல் போட்டு, மூச்சுக்கு ஒரு பிளாஸ்ரிக் குழாயும் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தார். கையில் இருந்த ஓயில் மணத்தில் எனக்குத் தெரிந்தது. கேட்கவில்லை. இவரின் கோபம் அவ்வளவுதான், சைக்கிள் ரயர்க் காற்று மாதிரி. எனக்கு அப்படி இல்லை.

சித்திரையில் அக்கா தனியாக பஸ் ஏறி வந்தார். ஒரு சொப்பிங் பையை என் குசினி மேசையில் வைத்தார். உள்ளே என் பம்பு. அத்தான் வெட்டி எறியப் போனபோது தான் வாங்கி, அரிசிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்ததாகச் சொன்னார். பச்சை தெரியும்வரை கறுப்புப் பெயின்ற்றைச் சுரண்டியிருந்தார், நகத்தாலோ கத்தியாலோ தெரியாது. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். சீனி போட்டேனா என்று ஞாபகமில்லை. அவர் குடித்துவிட்டுப் போனார்.

பம்பை அடுப்படிச் சுவரில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறேன். அதால் காற்றும் அடிக்க முடியாது, ஒன்றும் செய்ய முடியாது. அக்கா வரும்போது பார்க்கட்டும் என்றுதான் அங்கே மாட்டினேன். அவர் வரும் ஒவ்வொரு முறையும் பார்க்கிறார். அத்தான் வருவதில்லை, வந்தாலும் வாசலோடு நிற்பார்.

ஒரே ஒரு கேள்வி மட்டும் மிச்சம். அந்த இரும்பைப் பார்த்து வைத்தவர் அக்கா. அது என்னுடையது இல்லை என்று தெரிந்துகொண்டுதான் என் தோளில் கை வைத்திருந்தார். ஆனாலும் அன்று அவர் அழுதது நடிப்பில்லை. அவரின் கண்ணீர் என் கழுத்தில் விழுந்தது, சூடாக இருந்தது. எதற்காக அழுதார் என்று நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார். சொல்லிவிட்டால் பம்பைச் சுவரால் கழற்ற வேண்டி வரும்.